முத்திரை உடையாத பெட்டி

"எங்க கடையில ஒரு பழைய கேமராவைப் புதுசுன்னு வித்துட்டாங்க சார். வித்தவன் வேற யாரும் இல்ல, நான்தான். எப்படி வித்தேன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

சொல்லிவிட்டுக் கடைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நான்கு நாள் தாடி. மடியிலிருந்த துணிப்பையை, காய்ச்சல்காரக் குழந்தையை டாக்டரிடம் தூக்கி வந்தவர்போல இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் சுருங்கியது. "பதினோரு மணிக்கு வரச் சொன்னீங்க. ஏழு நிமிஷம் லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும்."

"சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றாள் வாலு. "இந்த ஆபீஸ்ல எல்லாக் கடிகாரமும் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடும். சார் கையில கட்டியிருக்கிறது உட்பட. குற்றவாளிக்கு முன்னாடி போய் நிக்கணும்னு அவருக்கு ஆசை. இதுவரைக்கும் டீக்கடைக்குத்தான் முன்னாடி போய் நின்னிருக்கோம்."

துப்பறிவாளர் சிரித்துக்கொண்டார். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துவிட்டுத் தனியாக ஆபீஸ் போட்டவர். எதற்கும் அவசரப்படாதவர் என்று பெயர் வாங்கியதால் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றே கூப்பிட்டார்கள். வாலு அவருடைய உதவியாளர். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். அந்தப் பட்டப்பெயர் பள்ளிக்கூடத்தில் ஒட்டியது. கழற்ற அவளும் முயன்றதில்லை.

"முழுசா சொல்லுங்க," என்றார் நிதானம்.

"இருபத்திரண்டு வருஷமா கேமரா, லைட், மைக்னு வீடியோ சாமான் விக்கிறேன் சார். லட்ச ரூபாய் கேமரா கேட்டு வர்றவங்ககிட்ட, 'உங்க வேலைக்கு இது எதுக்கு, பாதி விலையில இருக்கிறதே போதும்'னு சொல்லி அனுப்புவேன். அதனாலயே தேடி வருவாங்க. போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. அடுத்தவங்க கேமராவைத் தூக்கி ஆறு வருஷம் வேலை பார்த்த பொண்ணு. முதல் முதலா சொந்தக் கேமரா. நானே கையெழுத்துப் போட்டு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தேன். எப்பவும் பெட்டியைப் பிரிச்சு, ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பேன். அன்னைக்குக் கடையில கூட்டம். முத்திரை உடையாமத்தானே இருக்குன்னு அப்படியே கொடுத்துட்டேன்."

"அப்புறம்?"

கடைக்காரர் தண்ணீர் கேட்டார். வாலு கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஒரு அம்மாவுக்குத் தொண்டையில புற்றுநோய். குரல்வளையையே எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. ஆறு வயசுல ஒரே பொண்ணு. பின்னாடி அது கேக்கிறதுக்காக, ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு பண்ணணும்னு கேமரா வாங்கின இந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருக்காங்க. முதல்ல மைக்கைச் சொருகி, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிப் பார்த்திருக்கு; சரியா இருந்திருக்கு. அந்தம்மா பேசப் பேச இதுக்கு அழுகை வந்து, காதுல மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுடுச்சு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா படம் பளிச்சுன்னு இருக்கு. குரல் இல்ல. ஒரு மணி நேரமும் கரகரன்னு வெறும் இரைச்சல். அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சுபோச்சு."

வாலு குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"கேமராவைப் பிரிச்சுப் பார்த்த மெக்கானிக், இது எழுபத்தொரு மணி நேரம் ஓடின கேமரான்னு சொல்லிட்டார். இந்தப் பொண்ணு ஓட்டினது மொத்தமே ரெண்டு மணி நேரம். வீடியோக்காரங்க குரூப்புல எல்லாத்தையும் எழுதிடுச்சு. என் ஷட்டர்ல யாரோ நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நாலு நாளா நான் கடைப் பக்கம் போகலை சார். எதிர்க்கடைக்காரர் முகத்துல முழிக்க முடியல."

நிதானம் பையைத் திறந்து கேமராவை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாடல் டெமோ கேமரா ஒண்ணை உங்க கடையிலிருந்து நானே ஒரு தடவை வாடகைக்கு எடுத்திருக்கேன். நல்ல கேமரா."

"அப்படியா? நான் மூத்த பொண்ணு பிரசவத்துக்காக ஒன்றரை மாசம் ஊர்ல இல்ல. அப்போ எடுத்திருப்பீங்க. கடை ஆள்தான் பார்த்துக்கிட்டான். பதினாலு வருஷமா கூட இருக்கான். சாவியையே அவன்கிட்டதான் கொடுத்திருக்கேன்."

நிதானம் மைக் சொருகும் துளையை விரலால் லேசாக அசைத்தார். ஆடும் பல்போல அது ஆடியது. "கேபிளைப் பிடிச்சு வெடுக்கு வெடுக்குன்னு இழுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பல நாள்." பிறகு கண் வைத்துப் பார்க்கும் இடத்திலிருந்த ரப்பரைக் காட்டினார். அதன் ஒரு பக்கம் காதுபோல நீண்டிருந்தது. "வெளிச்சம் கண்ணுல படாம மறைக்கிற பக்கம் இது. வலது கண்ணால பார்க்கிறவனுக்கு வலப்பக்கம் இருக்கணும். இதை இடப்பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க. அப்படியே பழகி ரப்பர் மடிஞ்சும் போயிருக்கு. அந்தப் பொண்ணு எந்தக் கண்ணால பார்க்கும்?"

"அது ரப்பரைத் தொடலை சார். ஸ்கிரீனைத் திறந்து வெச்சுத்தான் எடுத்திருக்கு."

"அப்போ இதை ஓட்டினவன் இடது கண்ணுக்காரன். என்னை மாதிரி." நிதானத்தின் வலது கண் சிறு வயதிலேயே மங்கியது.

"அப்போ உங்க பேரையும் சந்தேக லிஸ்டுல எழுதிக்கட்டுமா சார்?" என்றாள் வாலு.

"எழுதிக்கோ," என்று சிரித்தார் நிதானம்.

நாலு மணிக்குக் கடைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். "யாருன்னு தெரிஞ்சா போதும் சார். நான் திருடன் இல்லைன்னு நிரூபிக்கிறதுக்காக இல்ல. அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்ல என்கிட்ட ஒரு பதில் வேணும்."

*

ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. நோட்டீஸைக் கிழித்த இடத்தில் பசைக் கறை. குனிந்து உள்ளே போனார்கள். முக்காலிகளும் குடை விளக்குகளும் உறை போட்டு நின்றன. டெமோ கேமரா மட்டும் கண்ணாடி மேஜைமேல் மெல்லிய கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

கடை ஆள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். நாற்பது வயது ஒல்லி மனிதர். நிதானத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துடைக்கும் துணி கீழே விழுந்தது.

"நீங்களா சார்... நீங்களா விசாரிக்கப் போறீங்க?"

"ஏன், நான் விசாரிக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல சார்." அவர் துணியை எடுக்கக் குனிந்தார். நிமிர ரொம்ப நேரம் ஆனது.

"துணியை எடுக்கப் போனீங்களா, நெசவு பண்ணப் போனீங்களா அண்ணே?" என்றாள் வாலு. அவர் சிரிக்கவில்லை.

நிதானம் அந்தக் கேமராவின் காலிப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திரையைக் கிழிச்சது அந்தப் பொண்ணுதான். ஆனா ஓரத்துல பசை உருகி மறுபடி காய்ஞ்சிருக்கு. தலை காய வைக்கிற மெஷினால சூடு காட்டிப் பிரிச்சு, அதே மாதிரி ஒட்டியிருக்கீங்க. பரவாயில்லை, நல்ல கை உங்களுக்கு."

கடை ஆள் கண்ணாடி மேஜையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

வாலு கடையின் ரிப்பேர் நோட்டைப் புரட்டினாள். "சார், இந்தக் கட்டிப்போட்ட டெமோ கேமரா நாப்பது நாள் ரிப்பேருக்குப் போயிருக்கு. முதலாளி ஊர்ல இல்லாத சமயம்."

நிதானம் துள்ளாத குறைதான். மேஜையில் சாய்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"இப்போ கதை சரியா வருது. யாரோ ஒருத்தன் வர்றான். ஒரு கேமரா வேணும்கிறான். டெமோ ரிப்பேர்ல இருக்கு. நீங்க புதுப் பெட்டியைப் பிரிச்சுக் கொடுக்கிறீங்க. சீக்கிரம் கொடுத்துடறேன்னு வாங்கிட்டுப் போனவன் பல நாள் வெச்சுக்கிறான். எழுபது மணி நேரம் ஓட்டறான். மைக் துளையை நாசம் பண்றான். வந்து கொடுத்தப்போ உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. முதலாளி திரும்பி வர்ற நாள் நெருங்குது. பயந்துபோய் ஒட்டி வெச்சுட்டீங்க. சரியா?"

"சரி சார்."

"யார் அவன்?"

"வேண்டாம் சார். விட்டுடுங்க."

"எதுக்கு அவனை மூடி மறைக்கிறீங்க? ஒரு தாயோட குரலே போயிடுச்சு! அடுத்தவன் பொருள்தானேன்னு மாடு மாதிரி இழுத்திருக்கான். இப்படி ஒருத்தன் எங்கேயோ நல்ல மனுஷன்னு பேர் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அவனைக் கொண்டுவந்து அந்தம்மா முன்னாடி நிறுத்த வேண்டாமா? வெட்கங்கெட்டவன்!"

கடை ஆளின் கண்களில் நீர் கட்டியது. அவர் நிதானத்தையே பார்த்தார்; ஏதோ கெஞ்சுவதுபோல இருந்தது.

இதற்கிடையில் வாலு, அந்தத் தாய் பேசிய நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று, கொண்டுவந்திருந்த பழுதான கேமராவை உயிர்ப்பித்திருந்தாள். திரையின் மூலையில் கடிகாரம் தெரிந்தது. அவள் தன் கைப்பேசியைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"சார், மணி என்ன?"

"இப்போ என்ன மணி? குறுக்கே பேசாதே."

"சொல்லுங்க சார்."

நிதானம் மணிக்கட்டைத் திருப்பினார். "ரெண்டு முப்பத்தேழு."

"கேமராவுலயும் ரெண்டு முப்பத்தேழு சார்." அவள் குரலில் குறும்பு கொஞ்சமும் இல்லை. "என் போன்ல ரெண்டரை. இந்தக் கடைச் சுவத்துலயும் ரெண்டரை."

நிதானம் கேமராவை வாங்கிப் பார்த்தார். ஆறும் இல்லை, எட்டும் இல்லை, ஏழு நிமிடம்.

"கேமராவைக் கையில வாங்கினதும் நான் முதல்ல மணியைத்தான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"நீங்க வந்த அன்னைக்கு டெமோ இல்ல சார்," என்றார் கடை ஆள் மெதுவாக. "சொன்னேன். நீங்க காதுல வாங்கலை. உடனே வேணும்னீங்க. ஒரே நாள், நாளைக்குச் சாயங்காலம் வந்துடும்னீங்க. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்னு நீங்களே சொன்னீங்க. உங்க பேரு பெரிய பேரு சார். உங்களுக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? பத்தொன்பது நாள் ஆச்சு. மூணு தடவை போன் பண்ணினேன். அப்புறம் கொண்டுவந்து மேஜைமேல வெச்சீங்க. நான் வேற கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். 'எல்லாம் சரியா இருக்கு'ன்னுட்டுப் போயிட்டீங்க."

நிதானத்துக்கு எல்லாம் நினைவு வந்தது. ஒரு மரச்சாமான் கம்பெனி. முதுகுவலி என்று விடுப்பில் போன தொழிலாளி நடிக்கிறான் என்று முதலாளிக்குச் சந்தேகம். பத்தொன்பது நாள் வேனுக்குள் உட்கார்ந்து அந்த மனிதனைப் படம் பிடித்தார். மைக் கேபிளை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விட்டு, வேன் கிளம்பும்போதெல்லாம் வெடுக்கென்று இழுத்தது அவர் கைதான். பத்தொன்பது நாளும் அந்தத் தொழிலாளி முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

வெட்கங்கெட்டவன் என்று சொன்ன சத்தம் இன்னும் அந்தக் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

"சார்," என்றார் கடை ஆள். "என் தப்புதான் பெரிசு. ஒட்டி வெச்சது நான். சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு நான் எப்படியும் போகப்போறேன். நானே எடுத்து ஓட்டினேன்னு சொல்லிடறேன். உங்க பேர் எதுக்கு இதுல?"

நிதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வாலு கவனித்தாள்.

*

நாலு மணிக்குக் கடைக்காரர் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். தன் கடையையே புதிதாகப் பார்ப்பவர்போல நாலாபக்கமும் பார்த்தார்.

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது," என்றார் நிதானம். "உள்ளாள்தான்."

கடைக்காரர் கடை ஆளைப் பார்த்தார். கடை ஆள் தலையைக் குனிந்துகொண்டார். சாவிக்கொத்து மேஜைமேல் தயாராக இருந்தது.

"பதினாலு வருஷம்," என்றார் கடைக்காரர். திட்டவில்லை. "உன் கல்யாணத்துக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தது நான்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பெட்டியை என் நஷ்டக் கணக்குல எழுதிட்டுப் போயிருப்பேனே. என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கா நான் கெட்டவனாயிட்டேன்?"

கடை ஆளின் தோள்கள் குலுங்கின.

வாலு நிதானத்தைப் பார்த்தாள். ஏழு வருடமாக அவரைப் பார்த்து வருகிறாள்; இப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததில்லை. அவர் மேஜையில் கட்டியிருந்த கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். அவள் வாய் திறக்கப் போனாள். அப்புறம் திறக்கவில்லை. இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"நில்லுங்க," என்றார் நிதானம் கடைசியில். "நான் சொன்னது பாதி. உள்ளாள் பெட்டியைப் பிரிச்சார், ஒட்டினார். அவ்வளவுதான். பிரிக்க வெச்சது நான். பத்தொன்பது நாள் வெச்சிருந்தது நான். மைக் துளையை உடைச்சது என் கை. நீங்க காலையில கேட்ட ஆள் உங்க எதிர்லயே உட்கார்ந்திருந்தான்."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா சார்?"

"நானேதான். இப்போகூட ஒரு நிமிஷம் இவர் தலையில போட்டுட்டுப் போயிடலாம்னு நின்னேன். அதையும் தெரிஞ்சுக்கோங்க."

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாவிக்கொத்தை எடுத்துக் கடை ஆளின் பக்கம் தள்ளினார். பிறகு நிதானத்திடம், "நாளைக்கு அந்தம்மா வீட்டுக்கு நீங்க வரணும்," என்றார். "நான் போய் 'யாரோ'ன்னு சொல்ல மாட்டேன்."

"வர்றேன். ரெண்டு நாள் கொடுங்க. வெறுங்கையோட வர எனக்கு முகமில்லை."

*

அந்த இரண்டு நாளும் ஓடியது வாலுதான். அந்தத் தாய் குடிநீர் அலுவலகத்தில் புகார் எடுக்கும் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும், வாலுவுக்கு ஒன்று பொறி தட்டியது. அங்கே எல்லா அழைப்புகளையும் ஆறு மாதம்வரை பதிவாக வைத்திருப்பார்கள். மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுமதி கொடுத்தார். நிதானமும் அவளும் இருநூறுக்கு மேற்பட்ட அழைப்புகளைக் கேட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி. "வணக்கம். உங்க புகார் எண்ணைச் சொல்லுங்க. நாளைக்குள்ள ஆள் வருவாங்க."

"இது அலுவலகக் குரல் சார்," என்றாள் வாலு சலிப்புடன். "என் பிள்ளைங்ககிட்ட நான் இப்படிப் பேசினா, யாரு இந்தப் பொம்பளைன்னு கேப்பாங்க."

இரண்டாம் நாள் மதியம் ஒன்று கிடைத்தது. அதைத்தான் எடுத்துப் போனார்கள்.

சின்ன வீடு. ஜன்னலோரம் மேஜை. கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிய பெண், பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு நோட்டு. தரையில் அவள் மகள் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். வீடியோ எடுத்த பெண்ணும் வந்திருந்தாள். அவள் கடைக்காரரைப் பார்த்து, "குரூப்புல உங்களைப் பத்தி எழுதினதை எடுத்துட்டேன் சார்," என்றாள். "எடுக்காதேம்மா. ஓட்டிப் பார்க்காம வித்தது நான்தானே," என்றார் அவர்.

நிதானம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அந்தத் தாய் அசையாமல் கேட்டாள். முடித்ததும் நோட்டை இழுத்து எழுதினாள்.

'அவளோட இருபதாவது வயசுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, நான் இல்லாம போனா ஒண்ணுன்னு தனித்தனியா பேசினேன்.'

நிதானம் அதைப் படித்தார்.

வாலு சின்ன ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்து அழுத்தினாள். யாரோ ஒருவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். நடுவில் போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிப் பேசுவதுபோல அந்தத் தாயின் குரல் கேட்டது. சிரிப்பும் அதட்டலும் கலந்த குரல்.

"ஏய் தங்கம், பத்தே நிமிஷம், கிளம்பிடலாம். பென்சிலை வாயிலேருந்து எடு முதல்ல!"

தரையிலிருந்த குழந்தை சட்டென்று வாயிலிருந்து பென்சிலை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதடுகள் மூடியிருந்தன.

வீடியோ எடுத்த பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாய் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். குழந்தை எழுந்து வந்து ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்தாள். வாலு மறுபடி போட்டாள். மறுபடியும். நாலாவது தடவைக்குப் பிறகு குழந்தை நிதானத்திடம் திரும்பினாள்.

"அன்னைக்கு அம்மா கேமரா முன்னாடி ரொம்ப நேரம் பேசினாங்களே, அது எங்க மாமா?"

பெரியவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இவளிடம் சொல்ல நேரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அவள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தார்.

"அது போச்சும்மா. மாமா கெடுத்துட்டேன்."

"வேணும்னேவா?"

"இல்லம்மா. அலட்சியமா."

குழந்தை யோசித்தாள். அந்த வார்த்தையை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா நோட்டைத் தொடவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல நிதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலட்சியம்னா என்ன மாமா?"